காலிஃப்ளவர் சோறு ஏன் குழைகிறது?

முதல் தடவை காலிஃப்ளவர் சோறு செய்தபோது பழக்கதோஷத்தில் குக்கரை எடுத்துவிட்டேன். துருவிய பூவைப் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரே ஒரு விசில். திறந்து பார்த்த அம்மா, “என்னடா, பல்லு முளைக்காத பிள்ளைக்குக் கூழா காய்ச்சியிருக்கே?” என்றார். அதன் மேல் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன். அரிசி, கோதுமையை ஒதுக்கும் பேலியோ உணவுமுறையை ஆரம்பித்த முதல் வாரத்து வைராக்கியம் அப்படி.

அரிசியைப் போட்டால் அதே குக்கர் உதிரி உதிரியாகச் சோறு தருகிறது. காலிஃப்ளவருக்கு மட்டும் என்ன வந்தது?

இரண்டும் தண்ணீர் விஷயத்தில் நேர் எதிர். 100 கிராம் அரிசியில் தண்ணீர் 12 கிராம் அளவில்தான் இருக்கும். கிட்டத்தட்ட 80 கிராம் மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து கண்ணுக்குத் தெரியாத இறுக்கமான மணிகளாக அடைந்து கிடக்கிறது. சூடு 60 டிகிரியைத் தாண்டியதும் மணிகள் இளகித் தண்ணீரைக் குடிக்கத் தொடங்குகின்றன. ஒரு டம்ளர் அரிசி மூன்று டம்ளர் சோறாவது இப்படித்தான். ஊற்றிய தண்ணீர் முழுக்க அரிசிக்குள் போய்விடுகிறது.

காலிஃப்ளவரில் 100 கிராமுக்கு 92 கிராம் தண்ணீர். கார்போஹைட்ரேட் 5 கிராம், அதிலும் 2 கிராம் நார். தண்ணீரைக் குடிக்க மாவுச்சத்து மணிகள் அதில் பேருக்குத்தான் உண்டு. ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருக்கும் குடத்தில் நான் அரை டம்ளர் கூடுதலாக ஊற்றியிருக்கிறேன்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு வேடிக்கை உண்டு. அந்த 2 கிராம் நாரில் கணிசமான பங்கு செல்லுலோஸ். மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் மணிகளைக் கோத்த மாலைகள்தான். மாவுச்சத்தில் எல்லா மணியும் ஒரே முகமாக நிற்கும். செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று குப்புறத் திரும்பியிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் நம் எச்சிலிலும் கணையநீரிலும் இருக்கும் அமைலேஸ் நொதிக்கு முதல் வகை முடிச்சை மட்டுமே அவிழ்க்கத் தெரியும். சோற்றை வாயில் போட்டு நிதானமாக மென்றால் இனிப்பது அந்த முடிச்சு அவிழ்வதால்தான். காலிஃப்ளவரை எத்தனை நேரம் மென்றாலும் அப்படி இனிப்பு ஊறாது. மாடு வைக்கோலைத் தின்று வாழ்கிறதே என்றால், அதன் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இரண்டாவது முடிச்சை அவிழ்த்துக் கொடுக்கின்றன. வெந்த சோறு 100 கிராமுக்கு 28 கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட்), காலிஃப்ளவர் நார் போக 3 கிராம் என்று பேலியோக்காரர்கள் கணக்குப் போடுவதற்குப் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

சரி, குக்கருக்கு வருவோம். காயின் ஒவ்வொரு செல்லும் தண்ணீர் நிறைந்த ஒரு பை. பைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின். ஜாமை உறையவைப்பதும் இதே வகைப் பொருள்தான். சூடு 80, 85 டிகிரியைத் தாண்டினால் பெக்டின் கரையத் தொடங்கும். காய் ‘வெந்துவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பசை இளகியதைத்தான். குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரை போகும். அரிசி அளவுக்குத் துருவிய துண்டு அதில் எத்தனை நேரம் தாங்கும்? பசை கரைந்து, பைகள் உடைந்து, உள்ளே இருந்த தண்ணீர் முழுக்க வெளியே வந்துவிட்டது. அம்மா பார்த்த கூழ் அதுதான்.

ஆகவே காலிஃப்ளவர் சோற்றைச் சோறு மாதிரி வடிக்கக் கூடாது. பொரியல் மாதிரி வதக்க வேண்டும். பசை முழுதாக இளகுவதற்குள் தண்ணீரை விரட்டிவிட வேண்டும். இங்கே ஒரு சின்னக் கணக்கு. அரைக் கிலோ துருவலில் 460 கிராம் தண்ணீர். அதில் 150 கிராமையாவது ஆவியாக்கினால்தான் உதிரியாக வரும் என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலைக்கு வந்த ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். 150 கிராமுக்கு 3,40,000 ஜூல். அடுப்பிலிருந்து சட்டிக்குள் ஒரு கிலோவாட் வெப்பம் இறங்கினால்கூட ஏறக்குறைய ஐந்தே முக்கால் நிமிடம் ஆகும். தீயைக் குறைத்தால் இது பத்து, பதினைந்து நிமிடமாக நீளும். அதற்குள் காய் குழைந்துவிடும். மூடி போட்டால் கேட்கவே வேண்டாம், போன ஆவி சொட்டுச் சொட்டாகத் திரும்பி வரும்.

அப்புறம் சட்டியின் அகலம். 20 செ.மீ. வாணலியைவிட 30 செ.மீ. தோசைக்கல்லின் பரப்பு இரண்டே கால் மடங்கு. துருவல் மெல்லிய பரப்பாக விரிந்தால் ஆவி உடனே வெளியேறும். குவியலாகக் கிடந்தால் அடியில் எழும் ஆவியிலேயே மேலே இருப்பது அவிந்துபோகும். ஈரம் இருக்கும்வரை துருவலின் சூடு 100 டிகிரியை ஒட்டியேதான் நிற்கும். ஓரம் சிவந்து அந்த வறுத்த மணம் வர 140 டிகிரியாவது வேண்டும். நான் இப்போது அரைக் கிலோவை இரண்டு ஈடாகப் பிரித்து, பெரிய தீயில், மூடாமல் வதக்குகிறேன். துருவலும் பொடியாக இருக்கக் கூடாது. மிக்ஸியை விட்டு விட்டு இரண்டே சுற்று. அதற்கு மேல் போனால் அடுப்புக்கு வருமுன்பே செல்கள் கிழிந்து தண்ணீர் கசியத் தொடங்கும். நீண்ட நேரம் வேகும்போது கந்தகச் சேர்மங்கள் கூடி ஒரு வாடை கிளம்புமே, வேகமாக வதக்கினால் அந்தத் தொல்லையும் குறைவு.

உப்பைக் கடைசியில் போடுங்கள். வெளியே உப்பு அதிகமானால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் சவ்வூடு பரவலால் வெளியே இழுபடும். பாகற்காயையும் புடலங்காயையும் உப்புப் பிசறி வைத்துப் பிழிந்துவிட்டு வதக்குகிறோமே, அதே வித்தைதான். அங்கே அந்தத் தண்ணீரைப் பிழிந்து கொட்டிவிடுகிறோம். இங்கே அது சட்டியிலேயே தேங்கி நிற்கும்.

புளி ஊற்றினால் காய் வேகாது என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். லேசான புளிப்பில் பெக்டின் கரைவது மந்தமாகும். அதனால்தான் கத்தரிக்காயை வதக்கி வேகவைத்துவிட்டுப் புளிக்கரைசலை ஊற்றுகிறோம். காலிஃப்ளவருக்கு இந்தக் குறையே நிறையாகிறது: கெட்டியான புளிக்காய்ச்சலை வதக்கும்போதே சேர்த்தால் துருவல் குழையாமல் நிற்கிறது. எனக்குத் தெரிந்து காலிஃப்ளவரில் சோற்றுக்கு ஈடாக வரும் ஒரே கலவை புளியோதரைதான். ஆனால் புளியும் ஒரு பழம். 100 கிராமில் 60 கிராமுக்கு மேல் கார்ப். அளவோடு போடுங்கள். 

சின்ன வெங்காயமும் அப்படித்தான் ஏமாற்றும். பெரிய வெங்காயத்தில் 9 கிராம் என்றால் இதில் 17 கிராம், உருளைக்கிழங்குக்குச் சமம். சாம்பாரில் கைப்பிடி போட்டுவிட்டு உருளைக்கிழங்கை ஒதுக்குவதில் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை.

குழம்பு ஊற்றுவதிலும் வித்தியாசம் தெரியும். சோறு குழம்பைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். காலிஃப்ளவரில் ஊற்றிய சாம்பார் தட்டின் ஓரத்துக்கு ஓடி நிற்கும். கெட்டியான தேங்காய்ப்பால் குழம்பு, மோர்க்குழம்பு, கோழிக் கறித் தொக்கு போன்றவைதான் ஒத்துவரும்; ரசத்தை டம்ளரில் குடித்துவிடலாம். இன்னொன்று: சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழலாம். முதலில் டாக்டரிடம் பேசி மருந்தின் அளவைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஆபீஸுக்கு எடுத்துப் போகிறவர்கள், வதக்கியதும் சூட்டோடு டப்பாவில் அடைக்காதீர்கள். தட்டில் பரப்பிப் பத்து நிமிடம் ஆறவிட்டால் அந்தச் சூட்டிலேயே இன்னும் கொஞ்சம் ஆவி போய்விடும். இல்லாவிட்டால் மதியம் திறக்கும்போது மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். கீழே, மறுபடியும் அம்மாவின் கூழ்.