சிகே7, சிகே20: சைட்டோகெராட்டின் என்ற சொல்லின் கதை

தோல் பயாப்சி அறிக்கைகளில் சில சமயம் ‘சிகே7 பாசிட்டிவ், சிகே20 நெகட்டிவ்’ என்று ஒரு வரி இருக்கும். சிகே என்பது சைட்டோகெராட்டின் என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் ‘கெராஸ்’ என்றால் கொம்பு. ‘கைட்டோஸ்’ என்றால் உள்ளே வெற்றிடமுள்ள கலம். அதை அறிவியலார் உயிரணுவுக்கு எடுத்துக்கொண்டார்கள். இரண்டையும் சேர்த்தால் உயிரணுவுக்குள் இருக்கும் கொம்புப் பொருள் என்று ஆகிறது. கொம்பு, குளம்பு, நகம், முடி எல்லாம் கெராட்டினால் ஆனவை என்பதால் வந்த பெயர். உயிரணுவுக்குள் இருப்பது என்னவோ அவ்வளவு கெட்டியானதில்லை. மெல்லிய இழைகளாகப் பின்னி, அணு உருக்குலையாமல் தாங்கும் ஒரு சட்டகம், அவ்வளவுதான்.

எண்கள் வந்தது 1982-இல். ரோலண்ட் மோல், வெர்னர் ஃபிராங்கே முதலான ஆய்வாளர்கள் மனித சைட்டோகெராட்டின்களை 1 முதல் 19 வரை வரிசைப்படுத்திப் பட்டியலிட்டார்கள். இருபதாவது பிற்பாடு சேர்ந்தது. 2006-இல் வந்த புதிய பெயரிடல் முறை ‘சைட்டோ’வைக் கழற்றிவிட்டு வெறும் ‘கே7’, ‘கே20’ ஆக்கியது. ஆனாலும் நோயியல் மருத்துவர்கள் பழைய சிகே-யை விட்டபாடில்லை.

பொருள் முழுக்க அந்த எண்ணில்தான் இருக்கிறது. மேல்தோலின் அடி அடுக்கில் 5, 14; அதற்கு மேலே 1, 10. சுரப்பிகளிலும் அவற்றின் சுரப்பை வெளியே கொண்டுவரும் நாளங்களிலும் 7. குடலின் உட்படலத்திலும் சிறுநீர்ப்பையின் உட்படலத்திலும் 20. மேல்தோலின் சாதாரண அணுக்கள் 7-ஐ உண்டாக்குவதில்லை. அதனால் அங்கே 7 தென்பட்டால், அந்த அணு அந்த இடத்துக்குரியதுதானா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வி உயிர்நாடியாக இருக்கும் நோய், மார்புக்கு வெளியே வரும் பேஜெட் நோய் என்ற ஒரு வகைத் தோல் புற்று. 1874-இல் ஜேம்ஸ் பேஜெட் மார்புக்காம்பில் வரும் நோயை விவரித்தார். 1889-இல் கிராக்கர் அதையே ஆண் பிறப்புறுப்புத் தோலில் கண்டு எழுதினார். பெண் பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றிய தோல், அக்குள் ஆகிய இடங்களிலும் இது வரும். சிவந்த, அரிக்கும் படை. எக்சிமா என்றோ பூஞ்சைத்தொற்று என்றோ மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூடக் களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் இது தோலிலேயே தொடங்குகிறது. சிலருக்கு மட்டும் மலக்குடலிலோ சிறுநீர்ப்பையிலோ உள்ள புற்று தோலுக்குப் பரவி இதே தோற்றம் தரும். நுண்ணோக்கியில் இரண்டிலும் வெளிறிய, பெரிய அணுக்கள். பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது.

அப்போதுதான் ஒரு குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டும் ஆன்டிபாடியைப் பூசி, சாயமேற்றிப் பார்க்கிறார்கள். தேடும் புரதம் இருக்கும் அணுக்கள் பழுப்பாகும், மற்றவை நீலமாக நிற்கும். தோலில் பிறந்த பேஜெட் வழக்கமாக 7 உண்டு, 20 இல்லை, ஜிசிடிஎஃப்பி-15 என்ற சுரப்பிப் புரதம் உண்டு என்று காட்டும். மலக்குடலிலிருந்து வந்ததில் 20-உம், குடல் அணுக்களுக்குரிய சிடிஎக்ஸ்2 என்ற புரதமும் தெரியும். சிறுநீர்ப்பையிலிருந்து வந்தால் 7, 20 இரண்டும் இருக்கலாம், கூடவே சிறுநீர்ப்பை உட்படலத்துக்குரிய யூரோபிளாக்கின் என்ற புரதமும். இதெல்லாம் வழக்கம் மட்டுமே. தோலிலேயே தொடங்கியதிலும் சில நேரம் 20 காட்டும். அதனால் ஒரே ஒரு சாயத்தை வைத்து யாரும் முடிவு சொல்வதில்லை. சந்தேகம் இருந்தால் குடலுக்குக் கொலோனோஸ்கோப்பி, சிறுநீர்ப்பைக்குச் சிஸ்டோஸ்கோப்பி என்று குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடுவார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கெராட்டினுக்கு ‘நகமியம்’ என்ற சொல் புழங்குகிறது. நகம், முடி பற்றி எழுதும்போது அழகாகப் பொருந்தும். ஆனால் ‘நகமியம் 7’ என்றால் நகத்தில் இருப்பது என்று படிப்பவர் நினைப்பார். 7 இருப்பதோ சுரப்பியில். ‘கொம்புப் புரதம்’ இன்னும் மோசம். என் தேர்வு, கெராட்டினை அப்படியே வைத்து ‘உயிரணுக் கெராட்டின் 7’ என்பது. இப்படி அடையாளம் காட்டும் புரதங்களைக் ‘குறிப்பான்’ என்று பாடநூல் நடையில் எழுதுகிறார்கள். எனக்குப் ‘புரதச் சுட்டி’ பிடித்திருக்கிறது. ‘இ’ அண்மைச் சுட்டு, ‘அ’ சேய்மைச் சுட்டு என்று பள்ளியில் படித்தோமே, இந்தப் புரதங்கள் செய்வதும் ஏறக்குறைய அதே வேலைதான்: இங்கே பிறந்ததா, அங்கிருந்து வந்ததா என்று சுட்டுவது.

ஜிசிடிஎஃப்பி-15-ஐ மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டுவிடலாம். மார்பக நீர்க்கட்டியின் திரவத்தில் கண்டதால் அதற்கு அந்தப் பெயர். 15 என்பது கிலோடால்ட்டன் கணக்கில் அதன் எடை. அக்குள் போன்ற இடங்களில் உள்ள அப்போகிரைன் வியர்வைச் சுரப்பிகளிலும் அது உண்டு. விரைப்பைத் தோலில் பயாப்சி எடுத்த ஆணின் அறிக்கையில் ‘மார்பக நீர்க்கட்டித் திரவப் புரதம்’ என்று அச்சடித்துக் கொடுத்தால், அறிக்கை மாறிவிட்டது என்று அவர் ஆய்வகத்துக்கே திரும்பிப் போவார்.