‘அவசர விளக்கு’ என்னும் அவசரச் சொல்

திருகோணமலையில், அனுராதபுரச் சந்தியில் நான் வழக்கமாக ஏறும் முச்சக்கரவண்டியின் சாரதி, சென்ற வாரம் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு விளக்கை எடுத்துக் காட்டினார். மஞ்சள் பிளாஸ்டிக் விளக்கு. உடைந்த கைப்பிடியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. இரவில் டயர் காற்றுப் போனால் பிடித்துக்கொள்ள வைத்திருப்பது. “ஐயா, இதை இனி வண்டியில் வைத்திருக்கக் கூடாதாம். தரிப்பிடத்தில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்கள். வீட்டில் வைத்துவிடட்டுமா?” என்று கேட்டார்.

இறங்கிப் போய் வாசித்தேன். “அனுமதியின்றி மோட்டார் வாகனங்களில் அவசர விளக்குகள் மற்றும் சங்கு ஒலிகள் வைத்திருத்தல் தண்டனைக்குரிய குற்றமாகும்.” மனிதர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார். அவர் கையில் இருந்தது அவசர விளக்குத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் வெட்டப்பட்டபோது, வரிசையில் நின்று நாங்கள் எல்லோரும் வாங்கிய பொருளுக்கு வேறு என்ன பெயர்? கடைக்காரரும் அவசர விளக்கு என்றுதான் விற்றார்.

இந்த ‘அவசர விளக்கு’ பத்திரிகையில், வானொலியில், மேடையில் என்று நான் கேட்டுக் கேட்டுப் புளித்த சொல். ஒரே பெயரில் மூன்று பொருள்கள் நடமாடுகின்றன. மின்சாரம் போனால் ஏற்றுவது ஒன்று. வண்டி பழுதாகி வீதியோரம் நின்றால் நான்கு மூலைச் சிக்னல்களையும் ஒருசேர மினுக்க வைப்பது இன்னொன்று. அம்புலன்ஸின் கூரையில் நீலமும் சிவப்புமாகச் சுற்றுவது மூன்றாவது. முதலாவதை யாரும் தடுக்கவில்லை. இரண்டாவது தேவையான நேரத்தில் போட வேண்டியது. சட்டம் கட்டுப்படுத்துவது மூன்றாவதை மட்டும்.

‘அவசரம்’ வடமொழி அவசர என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குத் தறுவாய், வாய்ப்பு என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்பு, தெலுங்கில் தேவை, கன்னடத்திலும் நம்மிடத்திலும் விரைவு, பதற்றம். அண்டாவுக்குள் கை போகாமல் தடுக்கும் அந்த அவசரம்தான் நமக்குத் தெரிந்தது. ஆங்கிலத்தின் ‘எமர்ஜென்சி’ திடீரென மேலெழுந்து வந்த நெருக்கடியைக் குறிப்பது. இரண்டும் ஒன்றல்ல. ‘அவசரகாலச் சட்டம்’ என்ற சொல்லோடு முப்பது வருடம் வாழ்ந்த ஊர்க்காரனுக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் யாருக்கும் எதற்கும் விரைவு இருக்கவில்லை, சோதனைச் சாவடியில் நின்றுகொண்டே இருந்தோம்.

இனி, அறிவித்தலின் மறுபாதி: ‘சங்கு ஒலி’, அதாவது சைரன். சைரன் என்ற பெயரின் கதை சிறியது. கிரேக்கப் புராணத்தில் பாட்டால் மாலுமிகளை மயக்கி அழித்த பெண்கள் சைரன்கள். 1819 இல் பிரெஞ்சுக்காரரான கனியார் த லா தூர், துளைகள் இட்ட தட்டைச் சுழலவிட்டு அதனூடே காற்றைச் செலுத்தி ஒலியெழுப்பும் கருவி ஒன்றைச் செய்தார். அது தண்ணீருக்குள்ளும் ஒலித்தது. ஆகவே அந்தப் பெயரை வைத்தார். தட்டு வேகமாகச் சுற்றினால் சுருதி ஏறும், வேகம் குறைந்தால் இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத்தான் ‘சங்கு’ ஆக்கியிருக்கிறார்கள். சங்கின்மேல் எனக்குப் பகை கிடையாது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட கதையைச் சொல்லும்போதெல்லாம், எங்கள் அம்மம்மா “சங்கு ஊதியது, அடுப்பை அணைக்காமல் ஓடினோம்” என்றுதான் தொடங்குவார். தமிழ்நாட்டில் ஆலைச் சங்கு, நகராட்சிச் சங்கு என்று வழங்கியிருக்கிறார்கள். ஓரிடத்தில் நின்று ஊரையே கூப்பிடும் கருவிக்கு அந்தப் பெயர் பொருந்தும். வாகனத்தில் ஏற்றினால்தான் வில்லங்கம்.

சட்டம் எதைப் பிடிக்கிறது என்று பாருங்கள். இந்தியாவின் 1989 ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119 ஆம் விதி, அடுத்தடுத்து வெவ்வேறு சுரங்களை எழுப்பும் ஹோனைச் சாதாரண வாகனங்களுக்குத் தடுக்கிறது. அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பொலிஸ் வண்டி போன்றவற்றுக்கு விலக்குத் தருகிறது. பிரித்தானியாவின் 1986 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள் சேமக்கலம் (தட்டி ஒலிக்கும் உலோகத் தட்டு), மணி, சைரன், இரு சுர ஹோன் என்று நான்கையும் பெயர் சொல்லித் தடுத்துவிட்டு, அவசர சேவைகளுக்கு விடுகின்றன. (ஆம், சேமக்கலமும்! அதை வண்டியில் கட்டி அடித்துக்கொண்டு போன காலமும் இருந்திருக்கிறது.) எல்லை பெரும்பாலும் விழுவது சுரம் மாறுகிறதா என்ற இடத்தில். சங்கோ ஒரே சுரத்தில் நீள ஊதுவது. கோணேசர் கோயிலில் கேட்டவர்களுக்குத் தெரியும், அது ஏறி இறங்கிக் குழறாது. எனவே ‘சங்கு ஒலிக்குத் தடை’ என்றால், பாட்டு ஹோன் பூட்டிய பஸ் சாரதி நெஞ்சில் கை வைத்து “என்னிடம் சங்கு இல்லையே” என்பார். அவர் சொல்வது பொய்யாகாது.

இன்னொன்று. எங்கள் பக்கத்தில் சங்கும் சேமக்கலமும் சேர்ந்து தெருவில் வந்தால் என்ன வருகிறது என்று குழந்தைக்கும் தெரியும். நான்கு வருடங்களுக்கு முன் அம்மாவை நள்ளிரவில் அம்புலன்ஸில் கொண்டுபோனோம். நான் அவருடைய கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். மறுநாள் நலம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர், படித்தவர், “சங்கு ஊதிக்கொண்டு போனது எங்கள் வீடு வரை கேட்டது” என்றார். அம்மா கட்டிலில் கிடந்தபடி, “இன்னும் இல்லை தம்பி, கொஞ்சம் பொறு” என்றார்.

தூய தமிழ் அன்பர்கள் ஓர் இலக்கணத்தோடு வருவார்கள்: ‘சை’ தமிழில் சொல்லுக்கு முதலில் வராது, தொல்காப்பியம் தடுத்திருக்கிறது. உண்மைதான். சகரம் அ, ஐ, ஔ என்ற மூன்றோடும் மொழிமுதலில் வராது என்கிறது அந்த விதி. ஐகாரத்தோடு அகரமும் அதில் இருக்கிறதே, ஐயா! அந்தக் கணக்கில் சங்கும் தேறாது. வளை, பணிலம், நந்து என்று பழம் செய்யுளுக்குப் போக வேண்டும். சட்டமும் தேறாது, சந்தியும் தேறாது. அனுராதபுரச் சந்தியில் நின்று சட்டம் பேசவே முடியாது. இதற்கு அஞ்சியோ என்னவோ, ‘அலறி’ என்று ஒன்றைச் சிலர் உருவாக்கியிருக்கிறார்கள். ஊதும் கருவி ஊதி என்றால் அலறும் கருவி அலறி. ஆக்கத்தில் குற்றம் இல்லை. ஆனால் ‘அம்புலன்ஸில் அலறி’ என்று எழுதிப் பாருங்கள். உள்ளே யாரோ அலறிக்கொண்டு போவதாகத்தான் வாசிக்கத் தோன்றும். வாசகன் தடுக்கி விழும் சொல் எவ்வளவு தூயதாக இருந்து என்ன?

சங்கு வேண்டாம் என்பவர்கள் ‘அபாய ஒலி’ என்கிறார்கள். இது சங்கைவிடக் கெட்டது. 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு கரையோரத்தில் முன்னெச்சரிக்கைக் கோபுரங்கள் நிற்கின்றன. அதிலிருந்து எழுவது அபாய ஒலி. கேட்டதும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மேட்டுநிலத்துக்கு ஓட வேண்டும். அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஓடக் கூடாது; இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு காரியங்களை ஒரே சொல்லில் ஏற்றலாமா? அம்புலன்ஸ் அபாயத்தை அறிவிக்கவில்லை, வழி கேட்கிறது.

ஆகவே சைரன் சைரனாகவே இருக்கட்டும். பஸ்ஸையும் அம்புலன்ஸையும் ஏற்ற வாய்க்கு இதுமட்டும் கசக்குமா?

விளக்குக்கு நல்ல தமிழ் இருக்கிறது: சுழல் விளக்கு. 2017 மே 1 முதல் இந்தியாவில் அமைச்சர், அதிகாரிகளின் கார்களிலிருந்து அது இறக்கப்பட்டபோது, தமிழகப் பத்திரிகைகள் ‘சிவப்பு சுழல் விளக்கு’ என்றே எழுதின. ஒருவரும் மின்வெட்டு விளக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளவில்லை. இப்போது வருபவை எல்.ஈ.டி., அவை சுழல்வதில்லையே என்று ஒரு நண்பர் மறுத்தார். பழையவற்றில் பெரும்பாலானவற்றிலும் விளக்குச் சுழலவில்லை. விளக்கு நடுவில் அசையாமல் நிற்க, அதைச் சுற்றி ஒரு கண்ணாடியை மோட்டார் சுழற்றியது. கண்ணுக்குச் சுழன்றதால் பெயர் நின்றது. நண்பர் தம் கையில் கட்டியிருப்பதை மணிக்கூடு என்கிறார். அதில் மணியும் இல்லை, கூடும் இல்லை. சுழலாத மின்னல் வகையைத் தனியே சொல்ல வேண்டுமென்றால் ‘மினுக்கு விளக்கு’ போதும்.

நிறத்தையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. சட்டங்கள் அப்படித்தான் பேசுகின்றன. பிரித்தானியாவின் 1989 ஆம் ஆண்டு விளக்கு ஒழுங்குவிதிகளில் நீலம் பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் போன்றவற்றுக்கு. செம்மஞ்சள் பழுதான வாகனங்களை மீட்கும் வண்டி, மெதுவாக ஊரும் வண்டி போன்றவற்றுக்கு. பச்சை நோயாளியிடம் விரையும் மருத்துவருக்கு. நிறம், மினுக்கம், யார், எப்போது. இந்த நான்கையும் விழுங்கிவிட்டு ‘அவசர’ என்ற ஒரே அடைமொழியை நீட்டுகிறார் மொழிபெயர்ப்பாளர்.

அவருக்கும் பாவம் நெருக்கடிதான். நம்முடைய மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம்; ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. தமிழ் அறிவித்தல் கடைசியில் நினைவுக்கு வரும், மாலை நான்கு மணிக்கு மேசைக்கு வரும். அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். சுழல் விளக்குப் பூட்டிய வாகனத்தை ‘கலங்கரை விளக்கு பொருத்திய வாகனம்’ என்று ஒரு படிவத்தில் கண்டிருக்கிறேன். எங்கள் மீனவர்கள் வெளிச்சவீடு என்பார்கள். அதை லொறியில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தைக் கடப்பதை ஒருமுறை பார்க்க ஆசைதான். நான் கோபப்படுவது அவசரத்தில் விழுந்த பிழைக்கு அல்ல. எழுதியதைச் சாரதி ஒருவரிடம் வாசித்துக் காட்டி ‘என்ன விளங்கியது?’ என்று கேட்காததற்கு. ஐந்து நிமிடம், ஒரு பிளேன்ரீ, அவ்வளவுதான் செலவு.

நான் அந்தச் செலவைச் செய்தேன். தரிப்பிடத்துக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து, பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் இப்படி எழுதி அவரிடம் கொடுத்தேன்: “அனுமதி பெறாத வாகனத்தில் சுழல் விளக்கு, மினுக்கு விளக்கு, சைரன் பூட்டுவது குற்றம்.” வாசித்தார். இரண்டாவது முறையும் வாசித்தார். மஞ்சள் விளக்கை இருக்கைக்கு அடியிலேயே வைத்தார். பிறகு வண்டியின் பின்பக்கம் போய் நின்றார். அங்கே இலக்கத்தகட்டுக்கு மேலே, பண்டிகைக்கு மகன் பூட்டிக்கொடுத்த நீல விளக்குகள் இரண்டு, பட்டப்பகலில் மாறி மாறி மினுக்கிக்கொண்டிருந்தன.

“அப்படியென்றால் ஐயா, இதுவா?”

“இதுதான்.”

ஸ்க்ரூ டிரைவர் கேட்டு எதிர்ப்பக்கக் கடைக்குப் போனார்.