ஒன்றரை அடிச் சரிவில் 12 வீடுகள்

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, குன்றும் இல்லை. அதனால் வளவு என்றாலே தட்டை என்று நினைத்து அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுகிறோம். பள்ளம் எந்தப் பக்கம் என்பதைக் கார்த்திகை மழைதான் காட்டித் தருகிறது. தனி வீட்டுக்கு அது ஒரு தொல்லை. அடுத்தடுத்துப் பல வீடுகள் கட்டும் இடத்திலோ அது பெரும் தவறாகிவிடும்.

கோண்டாவில் பக்கம் எட்டுப் பரப்புக் காணி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நீளம் 50 மீட்டர், அகலம் 40 மீட்டர். வழக்கப்படி இரண்டு பரப்புக்கு ஒரு வீடு என்றால் நான்கு குடும்பங்களுக்குத்தான் இடம். மாடி வைத்து வரிசையாகக் கட்டினால் 12 குடும்பங்கள் இருக்கலாம். செம்மண் தோட்டக்காணிகள் வீட்டுமனைகளாகிக் கரைவதைப் பார்க்கும்போது, இந்த நெருக்கம் நமக்குத் தேவை என்றே நான் நம்புகிறேன்.

முதல் வேலை சரிவை அளப்பது. மேசன்மார் கண்ணாடி போன்ற குழாயில் தண்ணீர் நிரப்பி அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். காணியின் உயர்ந்த ஓரமான மேல்கரையில் அந்த மட்டம் நிலத்திலிருந்து மூன்று அடி, தாழ்ந்த ஓரமான கீழ்கரையில் நாலரை அடி என்றால் சரிவு ஒன்றரை அடி, அதாவது சுமார் 45 சென்டிமீட்டர். குழாய்க்குள் சிறு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு பிழைத்துவிடும்; குழாயைத் தட்டிக் குமிழியை வெளியேற்றிய பிறகே அளக்க வேண்டும்.

பலர் அடுத்துச் செய்வது மண் அடித்துக் காணியை மட்டமாக்குவது. கணக்குப் பாருங்கள்: மேல்கரை உயரத்துக்கு முழுவதையும் நிரப்ப 450 கன மீட்டர், ஏறத்தாழ 160 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) மண் வேண்டும். அந்தச் செலவோடு, நம் மழைநீர் முழுவதையும் பக்கத்து வளவுக்குள் தள்ளிவிடுகிறோம். மதிலோரம் முழங்கால் தண்ணீரில் நிற்கும் அயலவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை.

மாறாக, ஒரே உயரமுள்ள இடங்களை இணைத்துக் கோடு வரைந்து, அதன் வழியே வரிசைக்கு நான்கு வீடாக மூன்று வரிசை வைக்கலாம். ஒவ்வொரு வரிசையின் தரையும் முந்தியதைவிட அரை அடி தாழ்வாக இருக்கும். வரிசைகளுக்கு இடையே அகலமான, ஆழமில்லாத புல் வாய்க்கால். தண்ணீர் அதில் மெல்ல நகரும். நகரும்போதே மண்ணுக்குள் இறங்கும்.

இறங்குவது ஏன் முக்கியம்? இங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீர், உப்புநீர் அடர்த்திகளின் வேறுபாட்டால், கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். மேலே கொஞ்சம் குறைந்தாலும் கீழிருந்து உப்பு வெகுவாக ஏறிவிடும்.

அதே கல்லில் வெடிப்புகளும் பொந்துகளும் நிறைய. மணலைப்போல அது அழுக்கை வடிகட்டாது. எனவே 12 வீட்டுக்கும் 12 மலசலகூடக் குழி என்பது கிணற்றுக்கே ஆபத்து. கழிவுநீரைக் குழாய்வழி கீழ்கரைக்குச் சரியவிட்டு, கசியாத பொதுத்தொட்டியில் சுத்திகரிக்க வேண்டும். கிணறு மேல்கரையில் இருக்கட்டும். நிலத்தடி நீர் மேற்பரப்புச் சரிவின்படியே ஓடும் என்ற உறுதி இல்லாததால், தொட்டி கசியாதிருப்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

கூரைக்கு வருவோம். வீட்டுக்கு 60 சதுர மீட்டர் கூரை என்றால், 50 மில்லிமீட்டர் மழையில் 12 கூரைகளிலும் 36,000 லீற்றர் விழுகிறது. பீலி வழியே வரும் முதல் தண்ணீரில் தூசியும் காக்கை எச்சமும் இருக்கும். அதை வெளியே விட்டுவிட்டு, மிச்சத்தை மணலும் சல்லிக்கல்லும் நிரப்பிய வடிதொட்டி வழியாகக் கிணற்றுக்குள் இறக்கலாம்.