மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் மாயாற்றுப் பாறுகளும்

மாட்டுக்கு மடிவீக்கம், காய்ச்சல், கால் ஊன்ற முடியாத வலி என்றால் வலி ஊசி தேவைதான். எந்த ஊசி என்பதில்தான் விஷயம் இருக்கிறது. டைக்ளோஃபினாக் போட்டால் மாட்டின் வலி குறையும். ஆனால் அடுத்த இரண்டு மூன்று நாளில் அந்த மாடு இறந்து, சடலத்தைப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள் தின்றால் அவற்றின் சிறுநீரகம் பழுதாகும். வெளியேற வழியில்லாத யூரிக் அமிலம் ஈரல்மேலும் இதய உறைமேலும் வெள்ளையடித்ததுபோல் படியும். சில நாளில் பறவை செத்துவிடும்.

பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்தவர்கள் 2004-இல் இதை வெளியிட்டார்கள். அதற்குள் இங்கே பெரும்பகுதி நடந்து முடிந்திருந்தது. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு குறைந்தது. இந்தச் சரிவுக்கு நூறு சடலங்களில் ஒன்றில்கூட மருந்து இருக்கத் தேவையில்லை. ஒரே சடலத்தில் கூட்டமாக இறங்கும் பறவை இது. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும், குஞ்சு பருவத்துக்கு வர ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் ஆகும். விட்டதைச் சீக்கிரம் பிடிக்க முடியாது.

மிஞ்சிய இறைச்சி நாய்களுக்குப் போனது. தெருநாய் பெருகியது, வெறிநாய்க்கடியும் கூடவே வந்தது. தண்ணீரும் கெட்டது. 2000 முதல் 2005 வரை இதனால் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பொருளியலாளர்கள் ஐயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் கணித்திருக்கிறார்கள். இறந்தோர் உடலைப் பாறுகளுக்கு விடும் மும்பைப் பார்சிகள், அவை இல்லாமல் சூரிய ஒளிக் குவிப்பான் வைக்க வேண்டி வந்ததும் இதே கதைதான்.

2006-இல் கால்நடை டைக்ளோஃபினாக்குக்குத் தடை வந்தது. உடனே மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்கொட்டகைக்கு வந்தது. அதனால்தான் 2015-இல் ஊசிக் குப்பியை 3 மில்லியாகச் சுருக்கினார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக், 2024 கடைசியில் நிமிசுலைடு ஆகிய வலி மருந்துகளும் கால்நடைக்குத் தடையாயின. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போய் டைக்ளோஃபினாக்காகவே மாறுகிறது, பெயர்தான் வேறு.

மெலாக்சிகாம் என்ற வலி மருந்து பாறுகளைக் கொல்லாது. டால்ஃபெனாமிக் அமிலமும் அப்படியே. மெலாக்சிகாம் அளவு கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தென்றால் 30 மில்லி, ஒரு முழுக் குப்பி. பழைய பழக்கத்தில் 15 மில்லி போட்டுவிட்டு "இது கேட்கவில்லை டாக்டர்" என்றால் குறை மருந்தில் இல்லை. நீர் வற்றிய மாட்டுக்கு முதலில் திரவம் ஏற்ற வேண்டும். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ இன்னொரு வலி மருந்தையோ சேர்த்துப் போட்டால் குடலில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். பாலை எத்தனை நாள் ஒதுக்குவது என்று லேபிளில் இருக்கும். கடையில் பிராண்டுப் பெயரை நம்பாமல், கீழே பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள்.

முதுமலை, சத்தியமங்கலம், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் மாடு இறந்தால், கடைசி ஒரு வாரத்தில் போட்ட ஊசிகளை மருத்துவரிடம் சொல்லுங்கள். தடை மருந்து போட்டிருந்தாலோ என்ன மருந்தென்றே தெரியாவிட்டாலோ ஆறடிக் குழி, சுண்ணாம்பு, மண். சிறுத்தைக்கென்று சடலத்தில் பூச்சிமருந்து தடவுவது குற்றம். அதிலும் சாவது பாறுக் கூட்டம்தான். மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருப்பு ரத்தம் வடிந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம். தோலுரிக்கவோ அறுக்கவோ விடாமல் உடனே கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.