பக்கத்துக் கட்டம் மங்க வைக்கும் மாயம்

கீழக்கரைப் பக்கம் எந்த வீட்டிலும் துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன கட்டம் போட்ட கைலி ஒன்று கிடக்கும். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, வெறும் சாம்பல் நிற அட்டை மேல் வையுங்கள். வெளுத்த கட்டங்கள் ஒவ்வொன்றும் தெரியும். அதே துண்டை, அதே அளவுக் கட்டங்கள் பளிச்சென்று இருக்கும் புதுக் கைலியின் நடுவில் வையுங்கள். வெளிர்க் கோடு கொஞ்சம் இருளும், கருங்கோடு கொஞ்சம் வெளுக்கும், துண்டு இன்னும் சாயம் போனதுபோல் ஆகிவிடும். ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்துப் புதுக் கைலியை மறைத்தால், பழைய அழுத்தம் திரும்பி வரும்.

கறுப்புக்கு நடுவே வைத்த சாம்பல் வெளுப்பாகத் தெரியும் என்பது பலருக்கும் தெரிந்த சங்கதி. இது வேறு. இங்கே துண்டு முழுசாக வெளுக்கவும் இல்லை, கறுக்கவும் இல்லை. அதற்குள் இருக்கிற வெளிச்ச வேறுபாடுதான், அதாவது கான்ட்ராஸ்ட், சுருங்கித் தெரிகிறது. சார்லஸ் சப், ஜார்ஜ் ஸ்பெர்லிங், ஜோஷுவா சாலமன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1989-ல் இதை விளக்கி எழுதினார்கள். அதனால் இதற்குச் சப் மாயத்தோற்றம் என்று பெயர்.

அவர்கள் செய்த இரண்டு சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை. உள்ளே பொடி வடிவமும் சுற்றிலும் பெரிய வடிவமும் வைத்தால் இந்தக் கண்மயக்கம் வெகுவாகக் குறைந்தது. நடுப்பகுதியை ஒரு கண்ணுக்கும் சுற்றுப்புறத்தை மறு கண்ணுக்கும் காட்டினாலும் அதேபோல் குறைந்தது. குறிப்பிட்ட அளவுக் கோடுகளுக்குத் துடிக்கும் நரம்பு செல்கள், அதே அளவுக் கோடுகளைக் கவனிக்கும் பக்கத்துச் செல்களை அடக்குகின்றன என்பதே இதிலிருந்து கிடைக்கும் விளக்கம். இரு கண்களின் செய்தியும் ஒன்றுசேரும் முன்பே இதில் பெரும்பகுதி நடந்துவிடுகிறது என்றும் சொல்லலாம். ஒரு செல் காட்டக்கூடிய துடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. சுற்றிலும் கான்ட்ராஸ்ட் அதிகமானால், அது தன் கூர்மையைத் தணித்துக்கொள்கிறது.

எதற்காக இப்படி? போ லோட்டோ, டேல் பர்வ்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2001-ல் வேறு பக்கமிருந்து வந்தார்கள். அவர்கள் வாதத்தை நம் ஊர்க் காட்சி ஒன்றை வைத்துச் சொல்கிறேன். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாப் பக்கம் தண்ணீர் கலங்கிக் கிடக்கும். கடற்பாசி எடுக்க மூழ்கும் பாம்பன் பெண்கள் அந்தக் கலங்கல் வழியாகத்தான் அடியைப் பார்க்க வேண்டும். வெண்மணலிலிருந்து வரும் ஒளியில் ஒரு பங்கைத் தண்ணீர் தின்றுவிடுகிறது. மிதக்கும் தூசி சிதறடிக்கும் ஒளியோ கரும்பாசியின் மேல் வந்து ஏறிக்கொள்கிறது. வெள்ளை மங்கும், கறுப்பு வெளுக்கும்: கைலித் துண்டில் கண்ட அதே மாற்றம். மூடுபனி, புழுதி, கலங்கல் வழியாகப் பார்த்துப் பழகிய மூளை, ஒரு மங்கல் பகுதி அப்படியொரு திரையால் வந்திருக்க வாய்ப்புண்டு என்னும்போது அதை மங்கலாகவே காட்டுகிறது என்பது அவர்கள் வாதம். திரைக்கு வாய்ப்பில்லாதபடி படத்தை மாற்றினால் மயக்கம் குறைந்தது.

இரண்டும் ஒன்றை ஒன்று வெட்டுவதாக நான் நினைக்கவில்லை. முதலாவது செல்கள் எப்படி வேலை செய்கின்றன என்கிறது, இரண்டாவது அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்கிறது.

ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் இந்தக் கண்மயக்கம் குறைவு என்று ஸ்டீவன் டேக்கின் குழு 2005-ல் வெளியிட்டது. நடுப்பகுதியின் கான்ட்ராஸ்ட்டை அவர்களில் பலர் மற்றவர்களைவிடச் சரியாகக் கணித்தார்கள். சுற்றுப்புறம் அடக்கும் வேலை அவர்கள் மூளையில் பலவீனமாக இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கருத்து.