எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே போன் நம்பர்

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு ஜவுளிக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். “சார், தள்ளுபடி மெசேஜ் அனுப்பினோம். ஒருத்தருக்கும் போகலை. கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருக்கு போல.” போய் வாடிக்கையாளர் விவரங்களை வரிசையாக வைத்திருக்கும் டேபிளைத் திறந்தேன். போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 2147483647.

டேட்டாபேஸோடு கொஞ்ச நாள் மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த எண்ணைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். இந்தக் கடையின் டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்க்யூஎல். அதில் முழு எண்ணுக்கான ‘இன்ட்’ வகைக்கு இடம் 4 பைட். அதில் கொள்ளும் மிகப் பெரிய எண் இதுதான். நம் ஊர் செல்போன் நம்பரோ 6, 7, 8, 9 ஆகியவற்றில் தொடங்கும் பத்து இலக்கம். ஒன்றுகூட அதற்குள் அடங்காது. ‘இடமில்லை’ என்று மைஎஸ்க்யூஎல் அப்போதே முரண்டு பிடித்திருக்க வேண்டும். தவறான தகவலை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் அது அப்படிச் செய்யாது. கொள்ளும் அளவை மட்டும் போட்டுவிட்டு, ஒரு வார்னிங்கோடு நகர்ந்துவிடும். அந்த வார்னிங்கை யார் படிக்கிறார்கள்?

2015-இல் வந்த 5.7 பதிப்பிலிருந்து ஸ்ட்ரிக்ட் மோட் தானாகவே இயங்குகிறது. ஆனால் பழைய புரோகிராமைப் புது சர்வருக்கு மாற்றினால் எர்ரராகக் கொட்டும். உடனே அதை அணைத்துவிடுவார்கள். இங்கேயும் யாரோ அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்ட் போதாதென்றால் அதைவிடப் பெரிய எண் கொள்ளும் பிக்இன்ட் போடலாமே என்பார்கள். போன் நம்பர் எண்ணே அல்ல என்பதுதான் விஷயம். இரண்டு போன் நம்பரை யாராவது கூட்டிப் பார்ப்பார்களா? எண்ணாக வைத்தால் சென்னை லேண்ட்லைனின் 044 வெறும் 44 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண்ணும் இதே ரகம்தான், முன்னால் நிற்கும் சைபர் போய்விட்டால் போனதுதான். இவற்றையெல்லாம் எழுத்தாக, அதற்கான வார்சார் வகையில் வையுங்கள்.

அப்படியே வார்சாராக மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாளே அடுத்த புகார்: பில் போடும் இடத்தில் புதிதாகச் சேர்த்த நம்பரைத் தட்டினால் பெயர் வரத் தாமதமாகிறது, வரிசை வாசல்வரை நிற்கிறது. தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் போட்டிருந்தேனே என்று யோசித்தபடி, பெயரைத் தேடும் அந்தக் குவெரிக்கு (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு) முன்னால், அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெயின் சேர்த்து ஓட்டினேன். பயன்படக்கூடிய இண்டெக்ஸ் என்ற இடத்தில் என் இண்டெக்ஸ் பெயர் இருந்தது. உண்மையில் பயன்படுத்திய இண்டெக்ஸ் என்ற இடத்தில் நல், அதாவது ஒன்றும் இல்லை. வகை என்ற இடத்தில் ஆல், அதாவது டேபிள் முழுவதையும் வரி வரியாகப் படிக்கிறது.

காரணம் ஒரு மேற்கோள் குறி. டேபிளை மாற்றிய நான் புரோகிராமை மாற்றவில்லை. அது இன்னமும் நம்பரை மேற்கோள் குறி இல்லாமல், எண்ணாகவே அனுப்பிக்கொண்டிருந்தது. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்க்யூஎல் ஒவ்வொரு வரியில் இருக்கும் எழுத்தையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும். எழுத்து வரிசையில் அடுக்கிய இண்டெக்ஸ் அதற்கு உதவாது. போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸாக இருந்தால் இந்த ஒப்பீடே செல்லாது என்று முகத்திலடித்தாற்போல் எர்ரர் கொடுத்திருக்கும். எனக்கு அந்தக் குணம்தான் பிடிக்கும். வேகம் குறைந்தால் எல்லாரும் முதலில் ரேம் வாங்கச் சொல்கிறார்கள். எக்ஸ்பிளெயினுக்குச் செலவே இல்லை.

போன இடத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. இந்த மாதம் துணி எடுக்காதவர்கள் பட்டியல் எப்போது கேட்டாலும் காலியாக வருமாம். “எல்லாருமே வாங்கிட்டாங்க போல” என்று சந்தோஷமாக இருந்திருக்கிறார்கள். குவெரியில் ‘இந்தப் பட்டியலில் இல்லாதவர்’ என்று கேட்கும் நாட் இன். பில் டேபிளிலோ பெயர் சொல்லாமல் வாங்கிப் போனவர்களுக்கு வாடிக்கையாளர் எண் நல். இங்கே நல் என்றால் ‘தெரியாது’. பட்டியலில் ஒரே ஒரு ‘தெரியாது’ இருந்தாலும், இவர் அதில் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாதல்லவா? அதனால் ஒருவரையும் தராது. ‘இவர் எண்ணில் பில் இல்லை’ என்று ஒவ்வொருவராகப் பார்க்கும் நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்று மாற்றியதும் பட்டியல் நீளமாக வந்தது, முதலாளி முகம் சுருங்கியது.

பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்று அவரே கேட்டார். தாராளமாக வைக்கலாம், கணக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். ‘முருகன்’ நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. உகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்வதால், எழுத்துக்கு எழுத்து எண் கொடுக்கும் யுனிகோடில் ஏழு. அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 21. நீளத்தைப் பைட்டில் எண்ணும்படி அமைத்த ஆரக்கிள் டேட்டாபேஸில் 20 என்று இடம் ஒதுக்கினால் முருகனே உள்ளே போக முடியாது. மைஎஸ்க்யூஎல் வார்சார் பைட்டை விட்டு யுனிகோட் எழுத்தை எண்ணுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் டேபிள் தமிழ் கொள்ளாத லத்தீன்1 எழுத்து முறையில் இருந்து, ஸ்ட்ரிக்ட் மோடும் அணைந்திருந்தால் முருகன் ஏழு கேள்விக்குறியாகிவிடுவார். தமிழும் கொள்ளும் யுடிஎஃப்8எம்பி4 என்று மாற்றிவிட்டு, ஒரு பெயரைப் போட்டு, திரும்ப எடுத்துப் பார்த்தபிறகுதான் மற்றதைத் தொடங்கச் சொன்னேன்.

பழைய போன் நம்பர்கள் மட்டும் திரும்பவில்லை. வெட்டுப்பட்ட எண்ணிலிருந்து அசல் எண்ணை எடுக்க வழியே கிடையாது. பேக்கப்பிலும் அதே 2147483647தான். அந்தத் தீபாவளிக்குக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நூறு பக்க நோட்டும் கயிறு கட்டிய பேனாவும் வைத்தார்கள். வந்தவர்கள் நின்று நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள்.