காக்கா, ஆடு, பன்னி: வேலை எடத்துல வலிப்பப் பத்தி எப்படிச் சொல்றது?

நான் சிங்கப்பூர்ல ஒரு நரம்பியல் கிளினிக்ல நர்ஸ், தினமும் பாக்குறது வலிப்பு உள்ளவங்கள தான். டாக்டர பாத்து, மருந்துச் சீட்டு வாங்கி, அடுத்த அப்பாயிண்ட்மெண்ட் தேதியும் போட்டப்புறம் நம்ம ஆளுங்க என் ரூம் வாசல்ல தயங்கி நிப்பாங்க. "சிஸ்டர், இத வேலை எடத்துல சொல்லணுமா?" வயசானவங்களா இருந்தா "மிஸ்ஸி, என் மகளுக்கு வேலை போயிருமா?"ன்னு கேப்பாங்க. இத்தன வருஷமா இதே கேள்வி தான், அதனால இங்க எழுதிடலாம்னு தோணுச்சு. ஆளு அடையாளம் தெரியாத மாதிரி விவரங்கள மாத்தியிருக்கேன்.

ஒரு பொண்ணு, 26 வயசு, வேர்ஹவுஸ் ஆபீஸ்ல அட்மின் வேலை. அவங்களுக்கு வர்றது கீழ விழுந்து வெட்டுற வலிப்பு இல்ல. பேசிக்கிட்டே இருக்கும்போது பார்வை ஒரே எடத்துல நிக்கும், உதட்ட சப்புவாங்க, இடது கை சட்டை பட்டன நோண்டும், ரெண்டு நிமிஷத்துல சரியாயிரும், அப்புறம் அர மணி நேரம் மந்தமா இருப்பாங்க. இதுவும் வலிப்பு தான், மூளையோட ஒரு பகுதியில மட்டும் வர்றது. ஆபீஸ்ல யாருகிட்டயும் சொல்லல. ஒரு நாள் மீட்டிங்ல வந்துருச்சு, மேனேஜர் கேள்வி கேட்டா பதில் இல்ல, வெறிச்சுப் பாக்குறாங்க, உடனே திமிருன்னு ஒருத்தர், போதைப்பொருளோன்னு இன்னொருத்தர். இந்த ஊர்ல அந்த ரெண்டாவது சந்தேகம் வந்தா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். என் முன்னாடி உக்காந்து அழுதப்ப அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு: "வலிப்புன்னு சொல்லியிருந்தா கூட இவ்வளவு கேவலமா நெனச்சிருக்க மாட்டாங்க சிஸ்டர்."

நாம சொல்லாம விட்ட எடத்த மத்தவங்க அவங்களுக்குத் தெரிஞ்சத வச்சு நெரப்பிக்குறாங்க, எனக்கு இருக்குற பெரிய கவலையே அது தான்.

இன்னொரு சிக்கல், அந்தப் பேரே. தமிழ்ல காக்கா வலிப்பு, கால் கை வலிப்புன்னு சொன்னது மருவி அப்படி ஆச்சுன்னு சொல்வாங்க. மாண்டரின்ல பேச்சுவழக்குல யாங் தியன் ஃபெங், யாங்னா ஆடு, மத்ததுக்கு பைத்தியம்ங்குற அர்த்தம். மலாய்ல பழைய ஆளுங்க கீலா பாபின்னு சொல்வாங்க, அதாவது பன்னிப் பைத்தியம். ஒரு ஆபீஸ் பேண்ட்ரில மூணு மொழி பேசுறவங்களும் சேந்து காபி குடிக்கும்போது நம்ம நோயோட பேர மட்டும் சொன்னா, ஒவ்வொருத்தர் மனசுலயும் ஒவ்வொரு மிருகம் தான் வரும். ஹாங்காங்ல 2010ல மருத்துவப் பேரையே மாத்துனாங்க, 'பைத்தியம்'ங்குற எழுத்த எடுத்துட்டு 'மூளை'ன்னு போட்டாங்க. நம்மால பேர மாத்த முடியாது. ஆனா பேரோட நிறுத்திக்காம, வந்தா பாக்க எப்படி இருக்கும், நீங்க என்ன செய்யணும்ங்குறத சொல்ல முடியும்ல.

அதனால நான் கிளினிக்ல ஒக்கார வச்சு வாய் விட்டு சொல்லிப் பாக்கச் சொல்வேன். அந்தப் பொண்ணும் நானும் சேந்து எழுதுனது இது: "எனக்கு வலிப்பு இருக்கு, மருந்து சாப்புடுறேன். வந்தா ரெண்டு நிமிஷம் பதில் சொல்ல மாட்டேன், கை எதையாவது நோண்டும். பக்கத்துல இருங்க, புடிச்சு அமுக்காதீங்க, டைம் பாருங்க. 5 நிமிஷம் தாண்டுனா 995 அடிச்சு ஆம்புலன்ஸ கூப்புடுங்க." அவ்வளவு தான். மூளைல மின்சாரம் எப்படி ஓடுதுன்னு பாடம் எடுக்க வேணாம். மொத தடவ சொல்லும்போது அவங்க குரல் நடுங்குச்சு, நாலாவது தடவ அட்ரஸ் சொல்ற மாதிரி சாதாரணமா வந்துச்சு.

யாருகிட்ட மொதல்ல? எல்லாரும் பாஸ், எச்ஆர்னு யோசிக்கிறாங்க. ஆபீஸ் வேலையா இருந்தா, பக்கத்து சீட்ல இருக்குறவங்ககிட்ட மொதல்ல சொல்லுங்கன்னு தான் நான் சொல்வேன், ஏன்னா வலிப்பு வர்றப்ப பாஸ் அவரு ரூம்ல இருப்பாரு. எச்ஆர்கிட்ட போறது உங்களுக்கு ஏதாவது மாத்தம் தேவப்பட்டா. முக்கியமா நைட் ஷிஃப்ட். தூக்கம் கெட்டாலும் மருந்து ஒரு வேளை தவறுனாலும் வலிப்பு வர்ற வாய்ப்பு கூடும். நோயோட பேரு போடாம "நைட் ஷிஃப்ட் வேணாம்"னு மட்டும் மெமோ எழுதித் தரலாம், டாக்டர்கிட்ட கேளுங்க. எம்சி, அதாவது டாக்டர் குடுக்குற மெடிக்கல் லீவ் சீட்டுலயும் பொதுவா நோய்ப் பேரு இருக்காது.

வேலைக்கு மனு போடும்போது, வேலைக்கு சம்பந்தமில்லாத சொந்த விவரங்கள கேக்கக்கூடாதுங்குறது இங்க நியாயமான வேலை நடைமுறைக்காக அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் மூணு தரப்பும் சேந்து போட்ட வழிகாட்டி. ஆனா ஃபார்ம்ல நேரா கேட்டா பொய் மட்டும் எழுதாதீங்க, பின்னால வலிப்ப விட அந்தப் பொய் தான் வேலைக்கு வினையாகும். 2025 ஜனவரியில, வேலையில பாகுபாடு காட்டக்கூடாதுங்குற வேலையிட நியாயச் சட்டம் நாடாளுமன்றத்துல நிறைவேறுச்சு, அதுல உடற்குறையும் மனநலமும் வருது, வலிப்புன்னு தனியா பேரு போடல, அதனால சட்டம் பாத்துக்கும்னு நம்பி இருந்துராதீங்க.

இதுவரைக்கும் சொன்னது ஆபீஸ்காரங்களுக்கு. உயரத்துல ஏறுறது, ஃபோர்க்லிஃப்ட், கிரேன், வண்டி ஓட்டுறது, இதுல இருக்குறவங்ககிட்ட நான் வேற மாதிரி பேசுவேன். துவாஸ் பக்கம் ஷிப்யார்டுல வேலை பாத்த ஒரு தம்பி, ஊரு புதுக்கோட்டை பக்கம், சாரக்கட்டுல ஏறுற வேலை. ஏஜெண்டுக்கு கட்டுன கடன் இன்னும் முடியல. "அக்கா, கம்பெனிக்கு தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவாங்க, சொல்லிராதீங்க"ன்னு கையெடுத்து கும்புட்டாரு. நாங்களா போன் போட்டு சொல்ல மாட்டோம்னு சொன்னேன், ஆனா நாளைக்கு மேல ஏறக்கூடாதுன்னும் சொன்னேன், கீழ நிக்கிறவன் தலையிலயும் விழலாம்ல. சமூக சேவகர கூப்ட்டு மூணு பேரும் ஒக்காந்து பேசி, கடைசில அவரே சூப்பர்வைசர்கிட்ட சொன்னாரு. தரையில டூல் ஸ்டோருக்கு மாத்திட்டாங்க. எல்லாருக்கும் இப்படி நடக்குறதில்ல. அதே மாதிரி சொன்ன இன்னொருத்தருக்கு வேலை பெர்மிட்ட கேன்சல் பண்ணிட்டாங்க, ஏர்போர்ட்ல இருந்து அவரு எனக்கு போன் பண்ணாரு, நான் என்ன சொல்ல முடியும். அதுக்காக மறைச்சு வச்சுக்கிட்டு ஏறுங்கன்னு என் வாயால வராது.

கூட வேலை பாக்குறவங்களுக்கும் ஒரு வார்த்த. கையில சாவி குடுக்காதீங்க, இரும்பு புடிச்சா நிக்கும்ங்குறதுல ஒண்ணும் இல்ல, அதுவா தான் நிக்குது. வாயில ஸ்பூன் வைக்காதீங்க, நாக்க யாரும் முழுங்க முடியாது, பல்லு ஒடஞ்சு வந்தவங்கள நான் பாத்திருக்கேன். கீழ விழுந்து வெட்டுனா சுத்தி இருக்குற நாற்காலிய தள்ளுங்க, தலைக்கு அடியில மடிச்ச ஜாக்கெட் வைங்க, வெட்டு நின்னதும் ஒரு பக்கமா சாச்சு படுக்க வைங்க, முழுசா தெளியுற வரைக்கும் தண்ணி குடுக்காதீங்க. உலகத்துல சுமார் 5 கோடி பேருக்கு இது இருக்கு, சரியான மருந்து கெடச்சா அதுல 70 சதவீதம் பேரு வலிப்பே வராம இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

அந்த அட்மின் பொண்ணு போன மாசம் வந்தாங்க. பக்கத்து சீட் மலாய் அக்காகிட்ட சொல்லியிருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப வந்துருக்கு, அந்த அக்கா பதறாம பக்கத்துலயே ஒக்காந்து, மஞ்ச கலர் ஸ்டிக்கர் பேப்பர்ல எழுதி வச்சிருக்காங்க: 11.42க்கு ஆரம்பம், ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட், மொதல்ல இடது கை. டாக்டர் அந்தப் பேப்பர வாங்கி ரெண்டு தடவ படிச்சுட்டு, மருந்து அளவ மாத்தி எழுதுனாரு.